பிஎச்டி இன்ஜினியரிங்லயா, ஹெல்த்லயா, சோசியல் சயின்ஸ்லயா? டேட்டா யார் கையில இருக்குன்னு மொதல்ல பாருங்க

மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு அடுத்து பிஎச்டிதான்னு முடிவு பண்ணினவங்களும் சரி, பத்து வருஷம் வேலை பார்த்துட்டு இப்பவாவது பண்ணிடலாமான்னு யோசிக்கிறவங்களும் சரி, என்கிட்ட கேக்குற கேள்வி சுத்திச் சுத்தி ஒண்ணுதான். என் டாபிக்க எந்த டிபார்ட்மென்ட்ல போய் பண்றது? பயோமெடிக்கல் படிச்சவருக்கு மெடிக்கல் பக்கம் போலாமான்னு சந்தேகம், நர்ஸா வேலை பாக்குறவங்களுக்கு பப்ளிக் ஹெல்த்தா சோசியாலஜியான்னு சந்தேகம், சாஃப்ட்வேர்ல இருக்கறவருக்கு ஏஐ பண்றதா இல்ல ஏஐ வந்ததால மனுஷங்களுக்கு என்ன ஆகுதுன்னு பண்றதான்னு சந்தேகம். எல்லாரும் வேலை எங்க கிடைக்கும், எதுக்கு மதிப்பு ஜாஸ்தி, எது சீக்கிரம் முடியும்னு மூணு கட்டம் போட்டு வச்சுக்கிட்டு வர்றாங்க. தப்பில்ல, அதுவும் பாக்கணும்தான். ஆனா நான் அவங்ககிட்ட மொதல்ல கேக்குறது வேற. உங்க டேட்டா யார் கையில இருக்கு? மெஷின் கையிலயா, நோயாளி கையிலயா, இல்ல உங்கள நம்பிப் பேச வேண்டிய ஒரு மனுஷர் கையிலயா? ஏன்னா பிஎச்டியில பாதி காலம் காத்திருக்கறதுலதான் போகும், எதுக்காக காத்திருக்கோம்கிறதுதான் ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

ஒரே பொருள வச்சு சொன்னா புரியும். விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டர் எல்லாரும் பாத்திருப்பீங்க. ஜப்பான்ல தகுவோ அயோயாகி 1974ல வெளியிட்ட யோசனை அது. சிவப்பு வெளிச்சம் ஒண்ணு 660 நானோமீட்டர்ல, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் இன்னொண்ணு 940 நானோமீட்டர்ல, ரெண்டும் விரல் வழியா போகும்போது ரத்தம் எத எவ்வளவு உறிஞ்சுதுன்னு பாத்து ஆக்சிஜன் அளவச் சொல்லிடும். 2020 கடைசில அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்தது. மெஷின் 92லேர்ந்து 96 வரைக்கும் காட்டுன நேரத்துல, ரத்தத்த நேரடியா எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்தா உண்மையான அளவு 88க்கும் கீழ இருந்தது கறுப்பின நோயாளிகள்ல 11.7 சதவீதம், வெள்ளையர்கள்ல 3.6 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட மூணு மடங்கு பேருக்கு ஆபத்து இருந்தும் மெஷின் கவலையில்லன்னு காட்டியிருக்கு.

இத வச்சு மூணு பேர் மூணு பிஎச்டி பண்ணலாம். இன்ஜினியர் கேக்குற கேள்வி, தோல் நிறத்தால வெளிச்சம் எப்படி மாறுது, இன்னொரு அலைநீளம் சேர்த்தா தப்பு குறையுமா, அல்காரிதத்த எப்படி திருத்துறது. ஹெல்த் ஆளு கேக்குற கேள்வி, இந்தத் தப்பால எத்தனை பேருக்கு ஆக்சிஜன் லேட்டாச்சு, அதனால உயிருக்கோ உடம்புக்கோ என்ன ஆச்சு. சோசியல் சயின்ஸ் ஆளு கேக்குறது, இந்த மெஷின யார் விரல்ல வச்சு சோதிச்சு ஓகே சொன்னாங்க, இத்தனை வருஷமா இது யார் கண்ணுலயும் பெருசா படாம போனது எப்படி, வார்டுல நிக்கிற நர்ஸ் அந்த நம்பர நம்புறாங்களா இல்ல தன் கண்ண நம்புறாங்களா. மூணும் முக்கியமான கேள்விதான், எதுவும் எதுக்கும் குறைஞ்சதில்ல. ஆனா இந்த மூணு பேரோட அடுத்த நாலஞ்சு வருஷ வாழ்க்கை ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கும்.

நான் பண்ணினது இன்ஜினியரிங், உலோகங்கள்ல ஃபேட்டிக். ஒரு சாம்பிள மெஷின்ல மாட்டி இழுத்து விட்டு இழுத்து விட்டு எத்தனையாவது தடவைல உடையுதுன்னு பாக்குறது. ஒரு கோடி தடவை தாங்குதான்னு பாக்கணும்னா, செகண்டுக்கு 10 தடவை ஆட்டினாக்கூட பத்து லட்சம் செகண்டு, அதாவது ராத்திரி பகலா பதினொன்றரை நாள், ஒரே ஒரு சாம்பிளுக்கு. அதே மாதிரி பதினஞ்சு இருவது சாம்பிள் வேணும் ஒரு கிராஃப் போட. என்னோட பதினாலாவது சாம்பிள் ஒம்போதாவது நாள் ஓடிக்கிட்டு இருந்தது, காலைல லேப் கதவத் திறந்தா சத்தமே இல்ல, ஹைட்ராலிக் பம்ப் ராத்திரி ட்ரிப் ஆகி நின்னுபோச்சு. சாம்பிள் உடையல, ஆனா பம்ப் நிக்கும்போது லோடு எகிறிக் குதிச்சிருக்கு, லாக் ஃபைல்ல ஒரு ஊசி மாதிரி கோடு. அந்த சாம்பிள் சுத்தமா இருக்கா கெட்டுப்போச்சான்னு யாராலயும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. அதத் தூக்கி ஓரமா வச்சிட்டு, புதுசா ஒண்ணு மாட்டி ஒண்ணாம் தடவைலேர்ந்து ஆரம்பிச்சேன். ஒம்போது நாள் போச்சு.

இதுல ஒரு விஷயம் கவனிங்க, எனக்கு ஒம்போது நாள் போச்சே தவிர யார்கிட்டயும் கையேந்த வேண்டியதில்ல. மெஷின் ஃப்ரீயா இருந்தா அன்னிக்கே மறுபடி ஆரம்பிச்சிடலாம். தோத்தாலும் சீக்கிரம் தோக்கலாம், திருத்திக்கலாம், இதுதான் இன்ஜினியரிங்கோட பெரிய பலம்னு நான் நினைக்கிறேன். சிமுலேஷன், மெஷின் லேர்னிங்னு போனா இன்னும் வேகம், காலைல ஒரு ஐடியா வந்தா சாயங்காலம் அது தேறுமா தேறாதான்னு ஓரளவு தெரிஞ்சிடும். ஆனா அந்த வேகம் உங்களுக்கு மட்டும் இல்லையே, உலகத்துல இன்னும் ஐநூறு பேருக்கும் அதே வேகம்தான். பேப்பர ஜர்னலுக்கு முன்னாடியே நெட்ல போட்டு வைக்கிற ஆர்கைவ் தளம் 1991லேர்ந்து இருக்கு, இப்போ ஏஐ பக்கம் தினம் வந்து விழுற பேப்பருக்கு கணக்கே இல்ல, எட்டு மாசம் உயிரக் கொடுத்து பண்ணினத வேற ஒரு குரூப் போன வாரம் போட்டிருப்பாங்க. அப்புறம் கான்ஃபரன்ஸ் டெட்லைன். மத்த துறைகள்ல ஜர்னல்தான் பெருசு, கான்ஃபரன்ஸ்ங்கிறது போய் பேசிட்டு வர்ற இடம், ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பெரிய கான்ஃபரன்ஸ் பேப்பர்தான் பேப்பர், வருஷமே அந்த டெட்லைன சுத்தித்தான் ஓடும். இது சிலருக்கு உற்சாகம், சிலருக்கு மூச்சு முட்டும்.

இன்னொண்ணு, டாபிக் உங்களோடதா இருக்காது பெரும்பாலும். கைடுக்கு ஒரு ப்ராஜெக்ட்ல ஃபண்டிங் வந்திருக்கும், அதுல ஒரு துண்டு உங்களுக்கு. ஸ்காலர்ஷிப் ஒழுங்கா வரும், லேப் இருக்கும், சீனியர் இருப்பாங்க, மெஷின் ஓட்டக் கத்துக்குடுப்பாங்க, அதுக்கு பதிலா ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கம்பெனி மீட்டிங்னு உங்க நேரத்துல ஒரு பங்கு போகும். கம்பெனி காசுன்னா பேட்டன்ட் போட்டு முடிக்கிற வரைக்கும் பேப்பர் வெளியிட விடமாட்டாங்க, அந்த அக்ரிமென்ட்ல எத்தனை மாசம்னு எழுதியிருக்குன்னு சேர்றதுக்கு முன்னாடியே வாங்கிப் படிச்சிடுங்க.

இப்போ ஹெல்த்துக்கு வர்றேன். இதுலதான் ஆளுங்க ரொம்ப ஏமாந்து போறாங்க, அதனால கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்றேன்.

என் கூட ஒரே கேம்பஸ்ல இருந்த தோழி ஒருத்தங்க ஹெல்த் பக்கம் பிஎச்டி பண்ணினாங்க. சேர்ந்த புதுசுல அவங்க ப்ரொபோசல் படிச்சப்போ எனக்கு பொறாமையா இருந்தது, ரெண்டு சிகிச்சை முறை, ஒண்ணு நல்லா வேலை செய்யுதா இன்னொண்ணான்னு பாக்கணும், அவ்வளவு தெளிவு. அதோட கணக்குல உக்காந்தப்போதான் விஷயம் புரிஞ்சது. பழைய முறையில 50 சதவீதம் பேருக்கு பிரச்சனை திரும்ப வருது, புது முறையில அது 40 ஆகும்னு எதிர்பாக்குறோம்னு வச்சுக்குங்க. இந்த வித்தியாசத்த நம்பிக்கையா சொல்லணும்னா, வழக்கமா எல்லாரும் வைக்கிற 80 சதவீத பவர் (வித்தியாசம் நெஜமா இருந்தா அது கண்ணுல படுற வாய்ப்பு), 5 சதவீத சிக்னிஃபிகன்ஸ்ல (இல்லாத வித்தியாசத்த இருக்குன்னு சொல்லிடுற வாய்ப்பு), ஒவ்வொரு சிகிச்சைக்கும் கிட்டத்தட்ட 390 பேர் வேணும். நடுவுல 15 சதவீதம் பேர் வராம போயிடுவாங்கன்னு வச்சா ஒவ்வொண்ணுக்கும் சுமார் 460 பேர், ரெண்டும் சேர்த்து 900க்கு மேல. வாரத்துக்கு அஞ்சு பேர் தகுதியா இருந்து, சம்மதிச்சு, கையெழுத்தும் போட்டாங்கன்னாலே 184 வாரம், மூணரை வருஷம். ஒருத்தரே தனியா நின்னு பிஎச்டிக்குள்ள முடிக்கிற காரியமா இது? இந்தக் கணக்கு அரை மணி நேர வேலை, ஆனா ப்ரொபோசல் எழுதுற நிறைய பேர் இத ரெண்டாவது வருஷத்துலதான் போடுறாங்க.

அதுவும் வாரத்துக்கு அஞ்சு பேர்ங்கிறதே நம்ம ஆசைதான். லூயிஸ் லசான்யான்னு ஒரு மருந்தியல் அறிஞர், அவர் பேர்ல லசான்யா விதின்னே ஒண்ணு இருக்கு. ஆய்வு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நோயாளிங்க ஏராளமா இருக்கற மாதிரி தெரியும், ஆரம்பிச்ச அன்னிக்கு காணாம போயிடுவாங்க, முடிஞ்சதும் திரும்ப வந்துடுவாங்கன்னு. மருத்துவ ஆய்வு பண்ணின யார்கிட்ட வேணா சொல்லிப் பாருங்க, ஆமான்னு தலையாட்டுவாங்க.

அதுக்கும் முன்னாடி எத்திக்ஸ் கமிட்டி. தோழிக்கு அனுமதி கிடைக்க ஏழு மாசம். மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. ஒரு தடவை எதுக்குன்னா, நீங்க இந்த ஆய்வுலேர்ந்து எப்ப வேணா விலகலாம், விலகினா உங்க சிகிச்சை எந்த விதத்துலயும் பாதிக்காதுங்கிற வரி சம்மதப் படிவத்துல மூணாவது பக்கத்துல இருந்தது, அத மொதல் பக்கத்துக்குக் கொண்டு வரணும்னாங்க. அப்போ எனக்கு இதெல்லாம் வெட்டி அலைக்கழிப்புன்னு தோணுச்சு. அப்புறம் அவங்கதான் உக்கார வச்சு சொன்னாங்க, அமெரிக்காவுல டஸ்கிகீல 1932லேர்ந்து 1972 வரைக்கும் நாப்பது வருஷம் சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்கள, அவங்களுக்கு என்ன நோய்னு சரியா சொல்லாம, பென்சிலின் வந்ததுக்கு அப்புறமும் குடுக்காம, நோய் எப்படி முத்துதுன்னு வேடிக்கை பாத்திருக்காங்க. நியூரம்பெர்க் விதிகள் 1947லயே வந்தாச்சு, ஹெல்சிங்கி பிரகடனம் 1964ல, அதெல்லாம் இருக்கும்போதே இது நடந்துக்கிட்டு இருந்தது. அந்த வரி மொதல் பக்கத்துல இருக்கணும்னு ஒருத்தர் அடம் பிடிக்கிறதுக்குப் பின்னால இவ்வளவு இருக்கு. ஹெல்த்ல சேர்றவங்க இந்த ஏழு மாசத்த தடையா பாக்காம வேலையோட ஒரு பாகமா திட்டத்துலயே எழுதி வைக்கணும், மனசாலயும் அத ஏத்துக்கணும். முடியாதுன்னு தோணுச்சுன்னா அந்தத் துறை உங்களுக்கு கஷ்டம்.

ட்ரயல்னா, அதாவது சிகிச்சைய நோயாளிங்களுக்குக் குடுத்து சோதிச்சுப் பாக்குற ஆய்வுன்னா, ரெஜிஸ்ட்ரேஷனும் உண்டு, முன்னணி மருத்துவ ஜர்னல்கள் 2005லேர்ந்தே மொதல் நோயாளிய சேர்க்குறதுக்கு முன்னாடி பதிவு பண்ணலன்னா பேப்பர் எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அதாவது என்ன அளக்கப் போறீங்கன்னு முன்கூட்டியே ஊரறிய சொல்லியாகணும், நடுவுல ரிசல்ட்டுக்கு ஏத்த மாதிரி கேள்விய மாத்த முடியாது. நான் லேப்ல ஒரு நாளைக்கு மூணு தடவை யோசனைய மாத்தினவன், எனக்கு இந்தக் கட்டுப்பாடு ரொம்ப அந்நியமா இருந்தது.

அப்போ ஹெல்த்ல பிஎச்டியே பண்ண முடியாதான்னா, நிறைய வழி இருக்கு. தோழி கடைசில என்ன பண்ணினாங்கன்னா, பெரிய ட்ரயல விட்டுட்டு தீசிஸ மூணு துண்டா பிரிச்சாங்க. மொதல்ல ஒரு சிஸ்டமேடிக் ரிவ்யூ, அதாவது ஏற்கனவே வந்த ஆய்வுகள முறையா தேடித் தொகுக்கிறது, இதுக்கு நோயாளி யாரும் வேண்டாம், எத்திக்ஸ் காத்திருப்பு நேரத்துலயே முடிச்சிடலாம். ரெண்டாவது, ஏற்கனவே சேகரிச்சு வச்ச டேட்டாவ வச்சு ஒரு ஆய்வு. மூணாவது, சின்னதா ஒரு பைலட், அறுபது பேர் மட்டும், இப்படி ஒரு ட்ரயல் நடத்த முடியுமா, எத்தனை பேர் சம்மதிக்கிறாங்க, எத்தனை பேர் நடுவுல விட்டுட்டுப் போறாங்கன்னு பாக்க மட்டும். இந்த ரெண்டாவது துண்டப் பத்தி நிறைய பேருக்குத் தெரியறதில்ல. யூகே பயோபேங்க்ல, சேரும்போது 40லேர்ந்து 69 வயசு வரைக்கும் இருந்த கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பேரோட தகவல் இருக்கு, அமெரிக்காவோட ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வு 1948ல 5,209 பேரோட ஆரம்பிச்சு தலைமுறை தாண்டி போய்க்கிட்டு இருக்கு, ஐசியு டேட்டாவுக்கு மிமிக் இருக்கு. அனுமதி வாங்கணும், சிலதுக்கு பயிற்சி முடிச்சு சர்டிஃபிகேட் காட்டணும், ஆனாலும் 184 வாரம் காத்திருக்கறதோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல. ஹெல்த் பிஎச்டின்னா டாக்டருக்கு மட்டும்தான்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க, அப்படி இல்லவே இல்ல, ஸ்டாடிஸ்டிக்ஸ், நர்சிங், பார்மசி, கம்ப்யூட்டர் சயின்ஸ் எந்தப் பக்கத்துலேர்ந்தும் எபிடெமியாலஜிக்குள்ள, அதாவது நோய் யாருக்கு, ஏன் வருதுன்னு மக்கள் கூட்டத்துல பாக்குற துறைக்குள்ள வரலாம். டாக்டரா இருந்துக்கிட்டே பண்றவங்களுக்குத்தான் உண்மையில வேற கஷ்டம், டூட்டி போக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வுக்குன்னு எழுத்துல வாங்கலன்னா அந்த நேரம் ஒருநாளும் வராது.

சோசியல் சயின்ஸ். இன்ஜினியரிங் ஆளுங்களுக்கு இது மேல ஒரு அலட்சியம் உண்டு, நாலு பேர பேட்டி எடுத்து எழுதுறதுதானேன்னு. எனக்கும் இருந்தது. அது போனது எப்படின்னு சொல்றேன்.

பக்கத்து பில்டிங்ல சமூகவியல்ல இருந்த நண்பர், ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ்கள் மானிட்டர் நம்பர எப்படி பயன்படுத்துறாங்கன்னு ஆய்வு பண்ணினார். மொதல் மூணு மாசம் இன்டர்வியூ. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, மெஷின் என்ன காட்டுதோ அதத்தான் எழுதுவோம், அது கீழ போனா டாக்டர கூப்பிடுவோம். கேக்க சுத்தமா இருக்கு, புரோட்டோகால அப்படியே ஒப்பிச்ச மாதிரி. அப்புறம் வார்டுலயே ராத்திரி ராத்திரியா ஒரு ஸ்டூல் போட்டு உக்கார ஆரம்பிச்சார். நாலாவது வாரம் அவர் நோட்டுல எழுதினத எனக்குக் காட்டினார். ஒரு சீனியர் நர்ஸ் கட்டில் பக்கம் வந்து மொதல்ல மானிட்டர பாக்கவே இல்ல, நோயாளியோட உதட்டப் பாத்தாங்க, மூச்சு வாங்குறதப் பாத்தாங்க, அப்புறம் நிமிந்து நம்பரப் பாத்தாங்க, ரெண்டும் ஒத்துப்போகல, உடனே கிளிப்ப கழட்டி உள்ளங்கையில வச்சு சூடு பண்ணின மாதிரி அந்த விரல தேய்ச்சு விட்டு, பக்கத்து விரல்ல மாட்டி, நம்பர் மாறுனதும் அதத்தான் எழுதினாங்க. எல்லாம் இருவது செகண்டு. இன்டர்வியூல அவங்க இதச் சொல்லவே இல்ல, பொய் சொல்லணும்னு இல்ல, அது ஒரு வேலைன்னே அவங்களுக்குத் தோணல. அந்த இருவது செகண்டுதான் அவரோட தீசிஸோட நடு அத்தியாயம். எந்த சென்சாராலயும் அத எடுத்திருக்க முடியாது.

ஆனா அதுக்கு அவர் குடுத்த விலை நேரம். ஒரு மணி நேர ஆடியோவ எழுத்தாக்க நாலுலேர்ந்து ஆறு மணி நேரம் ஆகும், முப்பது இன்டர்வியூன்னா 150 மணி நேரம் வெறும் டைப்பிங்குக்கே, இப்போ சாஃப்ட்வேர் டைப் பண்ணிக் குடுத்தாலும் ஒவ்வொரு வரியா கேட்டு சரிபாக்காம விட முடியாது. அப்புறம் என்விவோவோ அட்லஸோ ஏதோ ஒரு சாஃப்ட்வேர்ல ஏத்தி கோடிங், இது ப்ரோகிராம் எழுதுற கோடிங் இல்ல, யார் என்ன அர்த்தத்துல எதச் சொன்னாங்கன்னு வரிக்கு வரி குறிப்பு போடுறது. ரெண்டு மாசம் கழிச்சு நீங்க வச்ச தலைப்பே தப்புன்னு தெரியும், திரும்ப மொதல்லேர்ந்து. இந்த முறைகள்ல ஒண்ணான கிரவுண்டட் தியரிய, அதாவது சேகரிச்ச டேட்டாவுலேர்ந்தே தியரிய உருவாக்குற முறைய, 1967ல கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வச்சாங்க, அது பொறந்ததே ஆஸ்பத்திரில, சாகப்போற நோயாளிங்களச் சுத்தி என்ன நடக்குதுன்னு அவங்க பண்ணின ஆய்வுலேர்ந்து. எனக்கு இது பிடிச்ச தகவல், துறைகளுக்கு நடுவுல சுவர் அவ்வளவு உயரம் இல்லன்னு காட்டுறதால.

எத்தனை இன்டர்வியூ போதும்கிற கேள்விக்கு ஹெல்த் மாதிரி ஃபார்முலா கிடையாது. 2006ல வந்த ஒரு பிரபலமான ஆய்வுல, கானாவுலயும் நைஜீரியாவுலயும் பெண்கள்கிட்ட எடுத்த 60 இன்டர்வியூவ பிரிச்சுப் பாத்தப்போ, முக்கியமான கருத்துங்க எல்லாம் மொதல் 12க்குள்ளயே வந்துடுச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால 12 போதும்னு எல்லாரும் அதப் பிடிச்சுக்கிட்டாங்க, அது ஒரே மாதிரி ஆளுங்க, ஒரே மாதிரி கேள்விங்கிறதால வந்த எண்ணுங்கிறத விட்டுட்டு. வைவாவுல, அதாவது தீசிஸ் குடுத்தப்புறம் நடக்குற வாய்மொழித் தேர்வுல, இதக் கேப்பாங்க, பதில் தயாரா வச்சுக்குங்க.

சோசியல் சயின்ஸ்னா இன்டர்வியூ மட்டும்னும் நினைச்சுடாதீங்க. எகனாமிக்ஸ், டெமாகிராஃபி, சைக்காலஜி பக்கம் போனா ஸ்டேட்டா மாதிரி புள்ளியியல் சாஃப்ட்வேரும் ரிக்ரஷன் கணக்கும்தான் நாள் பூரா, வேர்ல்ட் வேல்யூஸ் சர்வே மாதிரி 1981லேர்ந்து சேர்ந்த டேட்டா இருக்கு, கணக்கு நல்லா வர்ற இன்ஜினியரிங் ஆளுங்க அங்க போய் ஜமாய்க்கிறத பாத்திருக்கேன். அங்க வேற ஒரு தலைவலி, 2015ல சைக்காலஜி ஆய்வு 100 எடுத்து திரும்பப் பண்ணிப் பாத்தாங்க, ஒரிஜினல்ல 97 சதவீதம் சிக்னிஃபிகன்ட்னு வந்தது திரும்பப் பண்ணினப்போ 36 சதவீதம்தான் வந்தது. அதனால இப்போ சேர்றவங்க, முன்கூட்டியே பதிவு பண்றது, டேட்டாவையும் கோடையும் வெளிய வைக்கிறதெல்லாம் கத்துக்கிட்டே ஆகணும். கஷ்டம்தான், ஆனா இப்போ அங்க சேர நல்ல காலம்னுதான் நான் சொல்வேன், துறை தன்னத் தானே திருத்திக்கிட்டு இருக்கற நேரம்.

சோசியல் சயின்ஸ்ல டாபிக் பெரும்பாலும் உங்களோடது. சுதந்திரம் நெஜமாவே ஜாஸ்தி, அதே அளவுக்கு தனிமையும் ஜாஸ்தி. லேப்ல பக்கத்துல யாராவது இருப்பாங்க, மெஷின் கெட்டுப்போனா சேந்து திட்டலாம். இங்க நீங்களும் உங்க நோட்டும்தான். ஃபண்டிங்கும் கம்மி, நிறைய பேர் டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை பாத்துக்கிட்டே ஓட்டுறாங்க.

எழுத்தப் பத்தி ஒரு வார்த்தை, யாரும் இத யோசிக்காம சேர்றாங்க. இன்ஜினியரிங் கான்ஃபரன்ஸ் பேப்பர்னா ஆறு எட்டு பக்கம், மெடிக்கல் ஜர்னல்னா வழக்கமா சுமார் 3,000 சொல், அதுவும் எந்தத் தலைப்புக்குக் கீழ என்ன வரணும்னு கட்டம் போட்டு வச்சிருப்பாங்க. மூணு நாலு பேப்பர சேர்த்து முன்னுரை முடிவுரை போட்டா தீசிஸ்ங்கிற முறை இந்த ரெண்டு பக்கமும் நிறைய இடத்துல இருக்கு. சோசியல் சயின்ஸ்ல பல இடத்துல இன்னும் முழுசா ஒரு புத்தகம் மாதிரி எழுதணும், 80,000லேர்ந்து 1,00,000 சொல் வரைக்கும், ஒரே இழை அறுபடாம. எழுதுறது பிடிக்காதவங்க அங்க போய் மாட்டிக்கிட்டா நாலாவது வருஷம் நரகம். அதே போல பேரு போடுற வழக்கம், ஹெல்த் பேப்பர்ல பதினஞ்சு பேர் இருப்பாங்க, உங்க பேரு மொதல்ல வருமான்னு ஆரம்பத்துலயே பேசி எழுதி வச்சுக்குங்க. சோசியல் சயின்ஸ்ல நீங்க ஒருத்தரே, இல்ல ரெண்டு பேர்.

முடிக்கிறவங்க எத்தனை பேர்? அமெரிக்கா கனடா பல்கலைக்கழகங்கள்ல கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் எடுத்து 2008ல வெளியிட்ட கணக்குப்படி பத்து வருஷத்துக்குள்ள முடிச்சவங்க இன்ஜினியரிங்ல 64 சதவீதம், லைஃப் சயின்ஸ்ல 63, சோசியல் சயின்ஸ்ல 56. வித்தியாசம் இருக்கு, ஆனா எந்தப் பக்கம் பாத்தாலும் மூணுல ஒருத்தருக்கு மேல முடிக்கல, அதுதான் எனக்குப் பெருசா படுது. பெல்ஜியத்துல ஃப்ளாண்டர்ஸ் பகுதியில 3,659 பிஎச்டி மாணவர்கள்கிட்ட எடுத்து 2017ல வந்த ஆய்வுல மூணுல ஒருத்தருக்கு மனநலப் பிரச்சனை வர்ற ஆபத்து இருக்குன்னு சொன்னாங்க, அதுல சம்பந்தப்பட்டதா அவங்க காட்டின விஷயங்கள்ல வேலை பளுவும், குடும்பத்துக்கும் வேலைக்கும் நடுவுல உள்ள இழுபறியும், கைடு எப்படி நடத்துறார்ங்கிறதும் இருந்தது. அதனால துறைய வச்சு மட்டும் முடிவு எடுக்காதீங்க, நல்ல கைடுக்காக உங்க ரெண்டாவது விருப்பத் துறைக்குப் போனாலும் பரவால்லன்னு நான் தைரியமா சொல்வேன். அதிகாரம் முழுக்க ஒருத்தர் கையில இருக்கற உறவு இது, தெரியாத ஆள்கிட்ட அஞ்சு வருஷத்த தூக்கிக் குடுக்காதீங்க.

மூணும் கலந்து பண்ணலாமான்னு கேப்பீங்க, ஆக்சிமீட்டர் மாதிரி டாபிக்குக்கு அதுதானே நியாயம்னு. கேக்க நல்லா இருக்கு, நானும் அதுக்கு ஆதரவுதான், ஆனா மூணு விதமா காத்திருக்கணும்கிறத மறந்துடாதீங்க, மெஷினுக்கும் காத்திருக்கணும், கமிட்டிக்கும் காத்திருக்கணும், வார்டுல ஸ்டூல் போட்டும் காத்திருக்கணும். ஒரு துறைய வீடா வச்சுக்கிட்டு, இன்னொண்ணுலேர்ந்து ஒரே ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் முறைய கடன் வாங்குங்க, அந்தத் துறை ஆள் ஒருத்தர கோ-கைடா சேர்த்துக்குங்க. வைவாவுல ரெண்டு துறை ஆளும் உக்காந்தா ஒருத்தர் சாம்பிள் பத்தலன்னுவார், இன்னொருத்தர் தியரி பத்தலன்னுவார், யார எக்ஸாமினரா கூப்பிடப் போறாங்கன்னு ரெண்டாவது வருஷத்துலயே கைடுகிட்ட பேச ஆரம்பிச்சிடுங்க.

என் சாய்வக் கேட்டா, கைய வச்சு உடனே ரிசல்ட் பாக்கணும், தப்புப் பண்ணி திருத்துறது பிடிக்கும்னா இன்ஜினியரிங். விதிமுறை, பொறுமை, டீமா வேலை பாக்குறது, இன்னிக்கு விதைச்சத மூணு வருஷம் கழிச்சு பாக்குறது, இதெல்லாம் ஒத்து வரும்னா ஹெல்த். ஒரே கேள்விய தனியா சுமந்துக்கிட்டு திரிய முடியும், எழுத எழுதத்தான் உங்களுக்கே புரியும்னா சோசியல் சயின்ஸ். வேலை வாய்ப்ப இதுக்கு அப்புறம் பாருங்க. இன்ஜினியரிங்லேர்ந்து கம்பெனிக்குப் போறது சுலபம், ஹெல்த்லேர்ந்து மருந்து, பொது சுகாதாரம்னு கதவு இருக்கு, சோசியல் சயின்ஸ்ல காலேஜ் வேலைக்குப் போட்டி கடுமை, ஆனா கொள்கை ஆய்வு, யூசர் ரிசர்ச் பக்கம் இப்போ எடுக்குறாங்க.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. அந்த கைடுகிட்ட கடைசியா முடிச்ச மூணு பேரையும், முடிக்காம பாதியில போன ஒருத்தரையும் தேடிப் பிடிச்சு பேசுங்க. கைடு நல்லவரான்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லவர்னுதான் சொல்வாங்க. சேர்ந்த நாள்லேர்ந்து எத்தனாவது மாசம் உங்க கையில மொதல் உருப்படியான டேட்டா வந்ததுன்னு கேளுங்க. எனக்கு பதினொண்ணு, தோழிக்கு இருபத்தி ரெண்டு, சமூகவியல் நண்பருக்கு நோட்டுல அந்த இருவது செகண்டு விழுந்தது பத்தொம்பதாவது மாசம். உங்களுக்குக் கிடைக்கிற பதில் முப்பதுன்னு வந்தா, ஸ்காலர்ஷிப் எந்த மாசத்தோட முடியுதுன்னு ஆஃபர் லெட்டர எடுத்து அப்பவே பக்கத்துல வச்சுப் பாத்துக்குங்க.